கையால் இறுக்கினால் போதும் என்றாய்

பாலு, மேசையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டுப் படி. ஒரு கண் திரையிலும் ஒரு கண் காகிதத்திலுமாகப் படிக்கிற ஆள் நீ. இது அப்படிப் படிக்கிற கடிதம் இல்லை. கூட்டேரிப்பட்டிலிருந்து நீ இருக்கிற விழுப்புரத்துக்கு முக்கால் மணி நேரம். நேரில் வந்தே சொல்லியிருக்கலாம். வந்தால் நான் பாதி சொல்வதற்குள் நீ "இன்னாமா உளர்ற" என்பாய், எனக்கும் கோபம் வந்து கதை வேறு பக்கம் போய்விடும். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்று நான்கு முறை பட்டனை அழுத்தினேன். நான்கு முறையும் வெறும் மூச்சுச் சத்தம்தான் பதிவானது. அதனால்தான் எழுதுகிறேன். உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு இதை வைத்து அனுப்புகிறேன். கட்டின் அடியில் பெயர் எழுதாத பத்திரிகை ஒன்று இருக்கும், அதோடு பின் அடித்த சின்னக் கவர் ஒன்றும் இருக்கும். கவரை இப்போது பிரிக்காதே. கடிதம் முடியட்டும்.

போன வாரம் திண்டிவனத்தில் நித்யா வீட்டுக்குப் போயிருந்தேன். நம் பக்கத்து ஆட்கள் பெயரைப் பத்திரிகைகளில் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நல்ல பெண்டா அவள். மரியாதைக்காகச் சிரிக்கிற பெண் இல்லை, சிரிப்பு வந்தால்தான் சிரிக்கிறாள். நான் பெயர் சொல்லச் சொல்ல எழுதியவள், பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அத்த, சலீம் அண்ணன் பேரு வரலியே? இவரு காட்டுன பழைய போட்டோ எல்லாத்துலயும் அவருதான் பக்கத்துல நிக்கிறாரு. கேட்டா மூஞ்சத் திருப்பிக்கினு போறாரு. அவரு இன்னா பண்ணாரு அத்த?" அவங்களுக்குள்ள ஏதோ வியாபாரத் தகராறும்மா என்று சொல்லி மழுப்பினேன். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள். கல்யாணம் ஆகி வருவதற்கு முன்பே அவளிடம் ஒரு பொய் சொல்லியாயிற்று. திரும்பி வரும் பஸ்ஸில் முடிவு பண்ணினேன், இனி இதைச் சுமக்க முடியாது என்று.

சலீம் ஒன்றும் பண்ணவில்லை பாலு. உன் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கார்டைக் கெடுத்தது நான்.

இதைப் படித்துவிட்டுப் போனை எடுக்காதே. முழுசாகச் சொல்கிறேன், கேள்.

சித்திரை வெயிலில் உன் மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலைக்கு மேலே தளம், சன்னலுக்கு வெளியே பாண்டி ரோட்டுப் புழுதி. பழைய கம்ப்யூட்டர் கல்யாண வீடியோ ஒன்றை முடிப்பதற்குள் மூன்று தடவை நின்றுபோகும். அதன் ஃபேன் சத்தத்தில் தாலி கட்டும்போது அடிக்கிற மேளமே கேட்காது. கேமராவை சலீம் பிடிக்க, எடிட்டிங்கை நீ பார்க்க, மூன்று வருடமாக இருவரும் அந்த அறையிலேயே குடியிருந்த மாதிரி கிடந்தீர்கள். அவன் கோட்டக்குப்பத்திலிருந்து பைக்கில் வருவான், வந்ததும் "அம்மா, இன்னா சாப்பாடு?" என்று என் தூக்குச் சட்டியைத்தான் முதலில் திறப்பான். ஒரு நாள் நீ புதுக் கம்ப்யூட்டர் கட்டப் போகிறேன், தண்ணீர் வைத்துக் குளிர வைக்கப் போகிறேன் என்றாய். கரண்டுக்குள் தண்ணீரை விடுகிற பைத்தியக்காரனைப் பெற்றிருக்கிறேனே என்று நான் கத்தினேன். சலீம்தான் சிரித்தான். "அம்மா, நீங்க போர்வெல்லுக்குள்ள எறக்குற மோட்டாரு எங்க இருக்குது? தண்ணிக்குள்ளதான கெடக்குது?" அதைக் கேட்டு நானும் சிரித்துவிட்டேன். உள்ளுக்குள் ஒரு பெருமைகூட. பம்ப், பைப், ஜாயிண்ட், எல்லாம் என் தொழில். கடைசியில் என் பிள்ளையும் என் வழிக்கே வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. சிலது சென்னையிலிருந்து கூரியரில் வந்தது. வீடியோ வேலையைச் சுமக்கிற கிராஃபிக்ஸ் கார்டையும், அதன் மேல் மாட்டித் தண்ணீரை ஓடவிடுகிற வாட்டர் பிளாக்கையும் சலீமின் அண்ணன் துபாயிலிருந்து லீவில் வரும்போது கொண்டுவந்தார். பெட்டிகள் வரவில்லை. விமானத்தில் எடை ஏறும் என்று அட்டைப்பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, சாமானை மட்டும் குழந்தைத் துண்டில் சுற்றி, சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோரும் செய்வதுதான் இது. அன்றைக்கு நீ அந்தத் துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அண்ணனைக் கட்டிப்பிடித்தாய். பெட்டி எங்கே என்று கேட்கவே இல்லை. ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

நீ சோதித்த அழகை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொன்னதில்லை. புது சாமான் வந்தால் உடனே மாட்டி ஓட்டிப் பார்க்கிற வயசு உனக்கு. நீ மாட்டவில்லை. தண்ணீர் பக்கமே போகாமல், மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, சாதாரண ஃபேன் மாட்டி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டு ஸ்டார்ட் பண்ணினாய். ரேம் நான்கையும் ஒன்றொன்றாகப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டாய். "ஏன்டா இந்தப் பாடு, மொத்தமா மாட்டிப் பாத்தா போதாதா?" என்றேன். "மொத்தமா மாட்டி, தண்ணியும் ஊத்திட்டு ஓடலன்னா எது போச்சுன்னு எப்படிம்மா கண்டுபுடிக்கிறது? ஒவ்வொண்ணும் நல்லா இருக்குதுன்னு தெரிஞ்சுக்கினு மாட்டுனா, அப்புறம் தப்பு ஜாயிண்ட்லதான்னு தெரிஞ்சிடும்" என்றாய். கிராஃபிக்ஸ் கார்டை அதனுடைய சொந்த ஃபேனிலேயே இரண்டு நாள் முழுசாக ஓடவிட்டுப் பார்த்தாய். தேறியதற்கெல்லாம் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினாய். நானும் இருபத்திரண்டு வருடமாக மோட்டார் மாட்டுகிறேன், ஒரு மோட்டாரையாவது இவ்வளவு பொறுமையாகப் பார்த்திருப்பேனா? மாட்டுவேன், சுவிட்சைப் போடுவேன், தண்ணீர் வந்தால் வீட்டுக்குப் போவேன்.

அப்புறம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பொருத்தி, எட்டு ஃபிட்டிங் வைத்துக் குழாய்களை இணைத்து, பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்ட் வாட்டரை ஊற்றினாய். ஒரு சனிக்கிழமை மதியம். பம்புக்கு மட்டும் கரண்டு கொடுத்தாய், மற்ற எதற்கும் இல்லை. ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் விரித்தாய். இருபத்துநான்கு மணி நேரம் இப்படியே ஓட வேண்டும், பேப்பர் நனையாமல் இருந்தால் பாஸ் என்றாய். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, என் பம்ப் கடைக்கு லீவு. நான் சோறு கட்டிக்கொண்டு வந்தேன். பத்து மணி வாக்கில், கல்யாண வீட்டார் ஒருவரிடம் ஹார்டு டிஸ்க் வாங்க நீ கிளம்பினாய். வாசலில் நின்று சொன்னாய். "எதையும் தொடாதம்மா. பேப்பரு நனையுதான்னு மட்டும் பாத்துக்கினே இரு." நான் ஒரு ஃபிட்டிங்கைக் காட்டி, இது லூசாக இருக்கிற மாதிரி இருக்கிறதே என்றேன். "உள்ள ரப்பர் வாஷர் இருக்குதும்மா, அதான் தண்ணிய நிறுத்தும். கையால இறுக்கினா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

நான் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் பேப்பரையே பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. ஆனால் என் கண் அந்த ஃபிட்டிங்கிலேயே போய் நின்றது. கிராஃபிக்ஸ் கார்டு மேலே, கண்ணாடி மாதிரி இருக்கிற அந்த பிளாஸ்டிக் மூடியில் மாட்டியிருந்த ஃபிட்டிங். விரலால் தொட்டேன். லேசாகத் திரும்பியது. என் தொழிலில் விரலுக்குத் திரும்பினால் அதற்குப் பெயர் ஜாயிண்டே இல்லை. சணல் சுற்றி, ஒயிட் லெட் பசை தடவி, இரண்டு கையாலும் ரென்ச்சைப் பிடித்து, இனி அசையாது என்று உடம்புக்குத் தெரிகிற வரைக்கும் இறுக்குவேன். கிணற்றடியில் என்னை நம்பாமல் பார்த்த ஆம்பளைகள் எத்தனை பேர்! "பொம்பள கை இறுக்கினது நிக்குமா?" என்று என் காது படக் கேட்டவர்கள். அதனாலேயே நான் எப்போதும் அரைச் சுற்று கூடுதலாக இறுக்குகிற ஆள். என் பையில் சின்ன பைப் ரென்ச் எப்போதும் இருக்கும், உனக்குத் தெரியும். எடுத்தேன். புடவை முந்தானையை ஃபிட்டிங் மேல் சுற்றி, கால் சுற்று. கால் சுற்றுதான் பாலு. 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. முந்தானையை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன், முடி விழுந்த மாதிரி ஒரு கோடு. முடிதான் என்று விரலால் தள்ளிப் பார்த்தேன். தள்ள வரவில்லை.

அப்போதே உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். பம்பைத் தவிர எதற்கும் கரண்டு கொடுக்காத நேரம். அந்த மூடியை மட்டும் மாற்றியிருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும். நான் என்ன செய்தேன்? ரென்ச்சைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். பேப்பரை மறுபடி நேராக விரித்தேன். நீ வந்து, "எப்படிம்மா?" என்று கேட்டபோது, "ஒரு சொட்டு இல்லடா, எல்லாம் கரெக்ட்டா இருக்குது" என்றேன். மதியம் சலீம் வந்தான், இருபத்துநான்கு மணி முடிந்தது, பேப்பர் காய்ந்திருந்தது. நீயும் அவனும் சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தீர்கள். அந்த ஃபிட்டிங்குக்குப் பக்கத்திலேயே ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டினாய். எல்லாவற்றையும் சோதித்த பிள்ளை நீ, காவலுக்கு வைத்துவிட்டுப் போன அம்மாவைச் சோதிக்கணும் என்று உனக்கு எப்படித் தோன்றும்?

இது எனக்கு முதல் தடவை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல உட்கார்ந்தாயிற்று. நீ பத்தாவது படிக்கும்போது, உன் அப்பா போன அடுத்த வருடம், கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு மல்லாட்டைக் கொல்லைக்கு பைப் போட்டேன். தனியாகப் பிடித்த முதல் பெரிய வேலை அது. ஒரு ஜாயிண்ட் விட்டுப்போய், பூ விட்ட கடலைச் செடி ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீரில் நின்று அழுகியது. பசை காய்வதற்குள் நான்தான் அவசரப்பட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். போய்ப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டம்மா கேட்டபோது, "உங்க மாடு மிதிச்சிருக்குதும்மா" என்று கூசாமல் சொன்னேன். மாடு மேய்த்தவர் அவர்கள் வீட்டுப் பெரியவர். அவரை அவர்கள் பேசிய பேச்சை நான் நின்று கேட்டேன். நீயும் பக்கத்தில் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வரும் வழியில், "மாட்டுக் குளம்பு எங்கியுமே இல்லியேம்மா" என்று கேட்டாய். "வாய மூடிக்கினு வா" என்றேன். ஒரு தப்பு கையில் ஒட்டினால் பக்கத்தில் நிற்கிறவர் மேல் துடைத்துவிடலாம் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

புதுக் கம்ப்யூட்டர் ஐந்து நாள் ஓடியது. அந்த ஐந்து நாளும் காலையில் உனக்குப் போன் செய்து, ஓடுகிறதா, ஓடுகிறதா என்று கேட்டேனே, ஆசையில் கேட்கிறேன் என்று நீ நினைத்தாய். பயத்தில் கேட்டேன். ஆறாம் நாள் நீ அழுதுகொண்டே கூப்பிட்டாய். வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போய், கருகல் நாற்றம் வந்ததாம். கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்தேன். சூடு ஏற ஏற அந்த முடிக்கோடு விரிந்து, கார்டு மேலே தண்ணீர் இறங்கியிருந்தது. மதர்போர்டும் ரேமும் தப்பித்தன, கார்டு போய்விட்டது. சலீம் எனக்கு முன்னாடியே வந்திருந்தான். விளக்கு வெளிச்சத்தில் பிளாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்த ஃபிட்டிங்கைக் கழற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான் உங்கள் இரண்டு பேருக்கும் மோர் கரைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையிலும் டம்ளரோடு வாசற்படியில் நின்றேன். சொல்லப் போகிறான், இதோ சொல்லப் போகிறான் என்று அவன் முகத்தையே பார்த்தேன்.

அவன் வாயைத் திறப்பதற்குள் நீ திறந்தாய். "பொட்டி எங்கடா? புது சாமான்னா பொட்டி இருக்கணுமில்ல?"

"வெயிட்டுக்காக அண்ணன் அங்கியே போட்டுட்டு வந்தாரு. உனக்குத்தான் தெரியுமே."

"யாரோ யூஸ் பண்ணி, வெடிச்சத என் தலையில கட்டிட்டீங்க. நான் இன்னாடான்னா லூசு மாதிரி எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணேன். எல்லாம் பாஸு. இந்த மூடி மட்டும் ஏன்டா வெடிக்குது?"

"பாலு, எங்கம்மா மேல சத்தியமா அது புதுசு."

அப்போது நீ அதைச் சொன்னாய். "உங்க ஆளுங்க எல்லாருமே இப்படித்தான்டா." எழுதுவதற்கே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன், நீ சொன்னது உனக்கு மறந்திருக்கக் கூடாது. மூன்று வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளையைப் பார்த்துச் சொன்னாய். சலீம் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி உன்னைப் பார்த்தான். ஹெல்மெட்டை எடுத்தான். என்னைத் தாண்டும்போது மட்டும் நின்று, "வர்றேம்மா" என்றான். போறேன் என்று சொல்லவில்லை, அப்போதுகூட வர்றேம்மா என்றுதான் சொன்னான். மோர் டம்ளரை அவனிடம் நீட்டக்கூட எனக்குக் கை வரவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'நான்தான்டா' என்று ஒரே ஒரு வார்த்தை. அவன் பைக் சத்தம் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் அந்த வார்த்தை என் வாய்க்குள்ளேயேதான் இருந்தது.

சாயங்காலம் ஃபிட்டிங்கை எண்ணிப் பார்த்தாய். ஏழுதான் இருந்தது. "பாத்தியாம்மா, ஒரு ஃபிட்டிங்கக்கூட வுடல, அதையும் எடுத்துக்கினு போயிட்டான்" என்றாய். நான் தலையாட்டினேன். ஆமாம் பாலு, தலையாட்டினேன். அன்றைக்கு நீ அதைத் திருட்டுக் கணக்கில் சேர்த்தாய், நானும் சேர்த்துக்கொண்டேன்.

எட்டு மாதம் ஆகிறது. தண்ணீர்க் குழாய்களை எல்லாம் கழற்றி மூட்டை கட்டிவிட்டு, சாதாரண ஃபேன் போட்டு வேலையைப் பார்க்கிறாய். எனக்குத் தெரியாதா என்ன, அந்த மூட்டையை நீ தூக்கி எறியவும் இல்லை. சலீம் வேறு ஸ்டுடியோக்காரர்களுக்கு கேமரா பிடிக்கப் போகிறான். கல்யாண வீடியோ எடுக்கிற உன் கல்யாணத்துக்கே வேறு யாரோ கேமரா பிடிக்கப் போகிறார்கள். சொல்லிவிடலாம் என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்தேன் தெரியுமா? நீ நொந்துபோய் இருப்பாய், இன்றைக்கு வேண்டாம் என்று நினைப்பேன். அடுத்த வாரம் நீ சந்தோஷமாக இருப்பாய், அதைக் கெடுப்பானேன் என்று நினைப்பேன். எனக்கு உன் பாசம் போய்விடும் என்கிற பயம்தான் பாலு, வேறு ஒன்றுமில்லை. உன் அப்பாவும் இல்லை, அந்தப் பாசத்தையும் விட்டால் எனக்கு என்ன இருக்கிறது என்கிற சுயநலம். ஊரில் எல்லோரும் என்னை வாய் நீளம் என்பார்கள். தேவைப்பட்ட ஒரே நாளில் அந்த வாய் எங்கே போனதோ.

நித்யா கேட்ட மறுநாள் கோட்டக்குப்பம் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. முதலில் அவனிடம் சொல்லிவிட்டு அப்புறம் உன்னிடம் வரவேண்டும் என்று தோன்றியது. சலீம் வீட்டில் இல்லை, அவன் அம்மா இருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்து டீ போட்டார். "பாலு ஏன் இந்தப் பக்கமே வர்றதில்ல? கல்யாண மாப்ள ஆனதும் எங்கள மறந்துட்டானா? பெரியவன் துபாயிலேர்ந்து லீவு சொல்லிட்டான், தம்பி கல்யாணத்துக்கு நான் இல்லாமலா அப்படின்னு. பத்திரிக எங்க, கொண்டாந்தீங்களா?" பாலு, அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. நீ சொன்ன சொல்லை அவன் தன் வீட்டுக்குள் கொண்டுபோகவே இல்லை. எட்டு மாதம், உனக்கு வேலை அதிகம், உனக்கு நேரம் இல்லை என்று சொல்லி உன் மரியாதையை அவன் அங்கே காப்பாற்றி வைத்திருக்கிறான். பத்திரிகைக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சலீம் வந்ததும் வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். ரென்ச்சைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கும்போதே, "தெரியும்மா" என்றான். "அன்னிக்கே தெரியும். ஃபிட்டிங்கு மேல ரென்ச்சு பல்லு பட்டிருந்திச்சு. அந்த ரூம்ல ரென்ச்சு வச்சிருக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல? பாவி, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்று அவனையே திட்டினேன் பார், என் புத்தியை.

"அவன் இருந்த கோவத்துக்கு உங்கள இன்னா பேசியிருப்பானோன்னு இருந்திச்சும்மா. அப்புறம் ஆத்தாமையில அவனே செத்துப்போவான். என்னப் பேசினா நான் பைக்க எடுத்துக்கினு போயிடுவேன். நீங்க எங்க போவீங்க?" என்று சொல்லிவிட்டு, வண்டிப் பெட்டியைத் திறந்து அந்த ஃபிட்டிங்கை எடுத்துக் கொடுத்தான். நீ பார்த்துவிடக் கூடாது என்றுதான் அன்றைக்கு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். நீ திருட்டு என்று எண்ணினாயே, அந்த எட்டாவது ஃபிட்டிங். நான் அங்கேயே தெருவில் உட்கார்ந்து அழுதேன். போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள், பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

நான் எழுந்து, "எல்லாத்தையும் அவங்கிட்ட சொல்லிடறேன்டா, அவன் வந்து உன் கால்ல உழுவான், எல்லாம் சரியாப் பூடும்" என்றேன். அவன் தலையை ஆட்டினான். "கார்டு போனத நீங்க சொன்னா சரியாப் பூடும்மா. அது உங்க கை. ஆனா அந்த வார்த்த அவன் வாயி. கார்டு போனதுனால அது வரல, உள்ள இருந்திருக்குது, வந்திச்சு. அத நீங்க வந்து சரி பண்ண முடியாது." அவ்வளவுதான் சொன்னான். மூன்று நாளாக அதையே யோசிக்கிறேன்.

அதனால் உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அம்மா என்றால் சொல்லாமல் விடமாட்டாள். நித்யாவோடு குடித்தனம் பண்ணும்போது ஏதாவது ஒழுகும். எல்லா வீட்டிலும் ஒழுகும். அப்போது அவள் வீட்டார் எப்படி, அவள் வளர்ப்பு எப்படி, பெட்டி எங்கே என்று தேடிக்கொண்டு போகாதே. முதலில் உன் கையைப் பார். நீ சொன்னாயே, கையால் இறுக்கினால் போதும் என்று, அதை அவளிடமும் ஞாபகம் வைத்துக்கொள், நான் அவளைப் போட்டு இறுக்கினாலும் எனக்கும் சொல். தப்புப் பண்ணினால் அன்றைக்கே சொல்லிவிடு, கரண்டு கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடு. அதற்கப்புறம் சொல்வதற்கு நான் பட்ட பாட்டை நீ படவேண்டாம். என்மேல் கோபம் வரும். வரட்டும், கத்து, ஒரு மாதம் பேசாமல் இரு. கல்யாணத்தில் எனக்குப் பக்கத்தில் நின்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி, தாங்கிக்கொள்கிறேன். என் தப்பைக் காட்டி உன் தப்பை மட்டும் மூடிக்கொள்ளாதே. அம்மா சொல்லாததால்தான் நான் அப்படிப் பேசினேன் என்று நீ சலீமிடம் சொல்லக் கூடாது. நான் மறைத்தது கால் சுற்று. மற்றதை உன் வாயில் நான் வைக்கவில்லை. வைத்தேனா என்றும் சில நாள் யோசிக்கிறேன், கோட்டக்குப்பத்துப் பக்கம் போனால் பையைப் பார்த்துக்கொள், அது அவங்க ஊரு என்று உன் சின்ன வயசில் நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அதையும் எழுதிவிட்டேன், போதுமா.

இப்போது கவரைப் பிரி. நகத்தால் அந்த ஃபிட்டிங்கைத் தடவிப் பார், பல் பதிந்த இடம் தெரியும். அது என்னுடையது, நீ எறிந்தாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி. பத்திரிகையில் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவியிருக்கிறேன். பெயரை மட்டும் எழுதவில்லை, அதை உன் கையெழுத்தில் எழுதிக்கொண்டு நீயே போ. நான் கூட வரமாட்டேன், நித்யாவையும் முன்னால் விட்டுப் பின்னால் நிற்காதே. அவன் வாங்கிக்கொள்வானா மாட்டானா என்று எனக்குத் தெரியாது. அவன் கதவைச் சாத்தினாலும் அது அவன் உரிமை, நின்றுவிட்டு வா. ஆனால் போ. பத்திரிகை எங்கே என்று அவன் அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டபோது, "பாலுவே நேர்ல கொண்டாந்து குடுப்பான்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நான் சொன்ன பொய்கள் போதும் பாலு, இதையும் ஒரு பொய்யாக்கிவிடாதே.

அம்மா